நுரைத்தால் கேஸைத் தொடாதீர்கள்: குழாயில் பானம் ஊற்றப் பழகுபவர்களுக்கு

கெக் என்னும் எவர்சில்வர் பாத்திரத்தில் பானத்தை அடைத்து, கார்பன் டை ஆக்சைடு போன்ற கேஸின் அழுத்தத்தில் குழாய் வழியாக ஊற்றுவது பற்றித்தான் இங்கே பேச்சு. குழாயைத் திறந்தால் முக்கால் கிளாஸ் நுரை, கால் கிளாஸ் பானம். புதிதாக இறங்குகிற எல்லோருக்கும் முதலில் வரும் தொல்லை இதுதான். உடனே கை, கேஸின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டருக்குப் போகும். கேஸைக் குறைப்பார்கள். அன்றைக்கு நுரை கொஞ்சம் அடங்கிவிடும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பானம் சப்பென்று கிடக்கும். சரி, கூட்டித்தான் பார்ப்போமே என்று கூட்டினால் பழையபடி நுரை. இப்படியே திருகித் திருகி ஒரு சிலிண்டரைக் காலி செய்தவர்கள் உண்டு.

நான் அழுத்திச் சொல்ல வருவது ஒன்றுதான். முதலில் குளிரைச் சரிசெய்யுங்கள். அந்தக் குளிருக்கு ஏற்ற அழுத்தத்தை வையுங்கள். அந்த அழுத்தத்துக்கு ஏற்ற நீளத்தில் டியூபை வெட்டுங்கள். வரிசை மாறக் கூடாது. சோடாவோ, காபியோ, பாரில் பீரோ, எதுவானாலும் கணக்கு இதுதான்.

ஓசூரிலிருந்து பெங்களூரு எட்டிவிடும் தூரம். அங்கே சுவரில் வரிசையாகக் குழாய் வைத்து ஊற்றுவதைப் பார்த்துவிட்டு வந்து, நம்ம பக்கமும் வைக்கலாமா என்று கேட்கிறவர்கள் இப்போது அதிகம். கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் வெயில் நேரத்தில் வண்டியை ஓரங்கட்டிக் குளிர்ச்சியாக ஏதாவது கேட்காதவர்கள் குறைவு. வைக்கலாம், நன்றாகவே போகும். ஆனால் எதை வைக்கிறோம் என்பதில் முதலில் தெளிவு வேண்டும்.

தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-இன்படி உரிமம் இல்லாமல் பீர், ஒயின், கள் எதையும் தயாரிக்கக் கூடாது. வீட்டுக்கு மட்டும்தானே என்ற சமாதானம் செல்லாது. பீர் ஊற்றுவது உரிமம் பெற்ற பாரில் நடக்க வேண்டிய வேலை. அங்கேயும் 21 வயது நிரம்பாதவர்களுக்கு ஊற்றக் கூடாது. ஆகவே வீட்டுக்கும் சிறு கடைக்கும் நான் சொல்வது சோடா, சர்பத், குளிர்காபி. கடை என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவை முதலில் முடித்துவிடுங்கள். பீர் பற்றிய பகுதி பாரில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கு.

வாங்க வேண்டியவை

ஐந்தே பொருள்கள். பானம் இருக்கும் கெக், கேஸ் சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப், குழாய். இவற்றோடு ஒரு குளிர்ப்பெட்டி.

வீட்டுக்கும் சிறு கடைக்கும் கார்னி கெக் என்று சொல்லப்படும் 19 லிட்டர் கெக் போதும். குளிர்பானக் கம்பெனிகளுக்காக உருவான எவர்சில்வர் பாத்திரம் இது. உயரம் இரண்டடிக்குச் சற்றுக் கூடுதல். தலையில் இரண்டு முளைகள் இருக்கும். 'இன்' என்பது கேஸ் உள்ளே போக. அதன் அடியில் குட்டையான குழல். 'அவுட்' என்பது பானம் வெளியே வர. அதன் குழல் அடிமட்டம் வரை நீண்டிருக்கும். மேலிருந்து கேஸ் அழுத்த, அடியிலிருந்து பானம் ஏறி வருகிறது. இரண்டு முளைகளும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மாற்றிச் சொருகினால் மாட்டிக்கொண்டு கழற்றவே வராது. கேஸ் பக்கத்து முளையில் ஒரு கீறல் இருக்கும், தடவிப் பார்த்தாலே தெரியும்.

அதன் முட்டை வடிவ மூடி உள்ளே இறங்கி, கீழிருந்து மேலாக அடைத்துக்கொள்ளும். கோலி சோடா பாட்டிலில் கோலி எப்படி உள்ளிருக்கும் கேஸின் உந்தலிலேயே வாயை அடைக்கிறதோ, அப்படித்தான். 1872-இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் அந்தப் பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். உள்ளே அழுத்தம் இருந்தால்தான் அடைப்பு என்பது இரண்டுக்கும் பொது. அதனால் மூடியைப் போட்டவுடன் ஒரு முறை 30 பி.எஸ்.ஐ. (டயருக்குக் காற்றடிக்கும்போது சொல்லும் அதே அழுத்த அளவு) கேஸ் கொடுத்து அதை உட்கார வைக்க வேண்டும். மூடியைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டே கேஸைத் திறங்கள். 'டக்'கென்று உட்காருவது கையிலேயே தெரியும்.

குழாய் வாங்கும்போது காசு பார்க்காதீர்கள். விலை மலிவானவை பித்தளையில் செய்து மேலே குரோமியம் பூசியவை. கேஸ் கரைந்த தண்ணீர் இலேசான அமிலம். எலுமிச்சையும் நெல்லியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பூச்சு தேய்ந்த இடத்தில் பித்தளையிலிருந்து செம்பு கரைந்து பானத்தில் கலக்கும். குடித்தவருக்கு வாந்தியும் வயிற்றுவலியும் வரும். பானம் தொடுகிற ஒவ்வொரு பாகமும் துருப்பிடிக்காத எஃகாகவோ உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். செம்புக் குழாய், பித்தளை நிப்பிள் எதுவும் வேண்டாம்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் ஓசூர் சிப்காட் பக்கம் எளிதாகக் கிடைக்கும், வெல்டிங் வேலைக்கு அதே கேஸ்தான். ஆனால் பட்டறைகளுக்குள் சுற்றி வந்த சிலிண்டரில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கலாம். உணவுத் தரம் என்று எழுதித் தருகிறவரிடம் மட்டும் நிரப்புங்கள். சிலிண்டரின் கழுத்தில் சோதனைத் தேதியும் காலி எடையும் பொறித்திருக்கும். தேதி கடந்ததை வாங்க வேண்டாம். காலி எடையைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

முதலில் குளிர்

எல்லாக் கணக்குக்கும் அடி இதுதான். பானம் குளிர்ந்திருந்தால் கேஸ் அதற்குள் அடங்கி இருக்கும். சூடேறினால் வெளியேறப் பார்க்கும். நல்ல சோடாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்குள் சுமார் 4 லிட்டர் கேஸ் கரைந்திருக்க வேண்டும். தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில் இருந்தால் இதற்கு 28 பி.எஸ்.ஐ. போதும். அதே தண்ணீர் 30 டிகிரியில் இருந்தால் 65-க்கு மேல் வேண்டும். அந்த அழுத்தத்தில் குழாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். தருமபுரி போல, சித்திரை, வைகாசியில் வெளி வெயில் 38, 40 டிகிரி தொடும் ஊரில் குளிர்ப்பெட்டி இல்லாமல் சோடா கெக் நடத்தவே முடியாது.

பழைய சிங்கிள் டோர் பிரிட்ஜ் ஒன்று கிடைத்தால் போதும். மேலே ஃப்ரீசர் போக மிச்சமிருக்கும் இடத்தில் கெக் நிற்குமா என்று டேப் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள். துளை போடுவதானால் கதவில் போடுங்கள். இப்போது வரும் பல பிரிட்ஜ்களில் பக்கச் சுவருக்குள்ளேயே கேஸ் குழாய்கள் ஓடுகின்றன. டிரில் பட்டால் பிரிட்ஜ் அதோடு முடிந்தது. கதவில் அந்தப் பயம் இல்லை.

உள்ளே ஒரு பாட்டில் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு வைத்து, அதில் 3 முதல் 4 டிகிரி காட்டும்படி திருகை அமையுங்கள். காற்றின் வெப்பத்தைப் பார்த்துப் பயனில்லை, கதவைத் திறக்கும்போதெல்லாம் அது மாறும். வெதுவெதுப்பான தண்ணீர் நிரம்பிய 19 லிட்டர் கெக் முழுதாகக் குளிர ஒரு நாள் ஆகும். அவசரப்பட்டுச் சாயங்காலமே ஊற்றப் போகிறவர்களுக்குத்தான் நுரை வருகிறது. மின்வெட்டு ஓரிரண்டு மணி நேரம் என்றால் கவலை வேண்டாம், அவ்வளவு குளிர்ந்த தண்ணீர் எளிதில் சூடேறாது. கதவைத் திறக்காமல் இருந்தால் சரி.

அடுத்து அழுத்தம்

ரெகுலேட்டரை மாட்டும்போது நட்டுக்குள் வாஷர் இருக்கிறதா பாருங்கள். அந்த இடத்தில் டெஃப்ளான் டேப் சுற்றக் கூடாது, வாஷர்தான் அடைப்பு. சிலிண்டரைத் திறக்கும் முன் ரெகுலேட்டர் திருகை முழுக்கத் தளர்த்துங்கள். பக்கவாட்டில் நின்று, சிலிண்டரை மெதுவாகத் திறங்கள். பிறகுதான் திருகை இறுக்கி வேண்டிய அழுத்தத்துக்குக் கொண்டுவர வேண்டும். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்கட்டும். படுக்க வைத்தால் உள்ளிருக்கும் திரவம் ரெகுலேட்டருக்குள் வந்து அதைக் கெடுத்துவிடும். சங்கிலி போட்டுச் சுவரோடு கட்டிவிடுங்கள்.

4 டிகிரியில் சோடாவுக்கு 28 முதல் 30 பி.எஸ்.ஐ., பீருக்கு 12. கடல்மட்டத்திலிருந்து ஏற ஏற இதில் சின்னத் திருத்தம் வரும்: 2,000 அடிக்கு 1 பி.எஸ்.ஐ. கூட்ட வேண்டும். ஓசூர் ஏறக்குறைய 3,000 அடி உயரம் என்பதால் ஒன்றரை கூட்டுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு முக்கால், ஒன்று போதும். சோடாவில் இது பெரிதாகத் தெரியாது, பீரில் தெரியும்.

ரெகுலேட்டரில் இரண்டு மீட்டர் இருக்கும். ஒன்று கெக்குக்குப் போகும் அழுத்தம். இன்னொன்று சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம், இதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். சிலிண்டருக்குள் கேஸ் திரவமாக இருக்கிறது. கடைசிச் சொட்டுத் திரவம் இருக்கும்வரை முள் ஒரே இடத்தில் நிற்கும். 20 டிகிரியில் ஏறக்குறைய 57 பார், 30 டிகிரியில் 72 (பார் என்பதும் அழுத்த அளவுதான், ஒரு பார் ஏறக்குறைய 14.5 பி.எஸ்.ஐ.). பாதி காலியானாலும் முள் அசையாது. திரவம் தீர்ந்ததும் மளமளவென்று இறங்கும், அப்போது நிரப்பக் கிளம்பினால் கடையில் கூட்டம் நிற்கும். ஆகவே எடைதான் நம்பகம். வாரம் ஒரு முறை தராசில் வைத்து, காலி எடையைக் கழித்துப் பாருங்கள். ஒரு கெக் சோடா தயாரித்து முழுக்க ஊற்றி முடிக்க ஏறக்குறைய கால் கிலோ கேஸ் ஆகும். இந்தக் கணக்கை வைத்து இன்னும் எத்தனை கெக் தாங்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

31 டிகிரிக்கு மேல் உள்ளிருக்கும் திரவம் திரவமாக இருக்காது, அழுத்தம் வேகமாக ஏறும். நம் வெயிலில் இது வெறும் பாடப்புத்தகச் செய்தி அல்ல. தகரக் கூரைக்கு அடியிலோ வண்டியின் டிக்கியிலோ சிலிண்டரை வைத்துவிட்டுப் போகாதீர்கள். நிழலில், காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும்.

அப்புறம் டியூப்

கெக்கில் இருக்கும் 12 அல்லது 30 பி.எஸ்.ஐ. அப்படியே குழாய் வாய்க்கு வந்தால் பானம் சீறும். டியூபின் உட்சுவரில் உராய்ந்து உராய்ந்து அந்த வேகம் அடங்க வேண்டும். ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள டியூபில் அடிக்கு 2 முதல் 3 பி.எஸ்.ஐ. வரை குறையும். 6 மில்லிமீட்டருக்குப் போனால் ஒன்றுக்கும் குறைவு. கெக்கைவிடக் குழாய் உயரத்தில் இருந்தால் ஓர் அடி ஏற்றத்துக்கு இன்னொரு அரை பி.எஸ்.ஐ. குறையும்.

12 பி.எஸ்.ஐ. பீருக்கு மெல்லிய டியூப் 8 முதல் 10 அடி வைத்தால் அமைதியாக வரும். சோடாவுக்கு 20 அடிக்கு மேல் வேண்டும். இவ்வளவு நீளமா என்று பயப்பட வேண்டாம், சுருட்டிக் கெக்கின் மேலேயே வைத்துவிடலாம். முழுச் சுருளும் குளிருக்குள் இருக்க வேண்டும், அது முக்கியம். முதலில் நீளமாகவே வெட்டுங்கள். மிக மெதுவாக வந்தால் ஒவ்வோர் அடியாகக் குறைக்கலாம்; குட்டையாக வெட்டியதை நீட்ட முடியாது. 300 மில்லி கிளாஸ் ஆறேழு விநாடியில் நிறைந்தால் நீளம் சரி.

முதல் கெக்: வெறும் சோடா

தண்ணீரில் தொடங்குவோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இந்த இரண்டு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதற்காகத்தான். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது வரம்பு. ஊர்ப்பக்கம் பல போர்த் தண்ணீரில் அதைவிடக் கூடுதல். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடவே செய்யும். போர்த் தண்ணீரானால் ஆர்.ஓ. கட்டாயம். குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரானால் குளோரின் வாசனை போகக் கார்பன் ஃபில்டர் வழியாக விடுங்கள், சோடாவாக ஆனபின் அந்த வாசனை மூக்கில் ஏறும். ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் என்றால் நாக்கில் வெறுமையாக இருக்கும். ஒரு கெக்குக்கு அரை டீஸ்பூன் சமையல் சோடா போட்டால் சுவை நிற்கும்.

தண்ணீரை முதல் நாளே பிரிட்ஜில் குளிர வைத்துவிடுங்கள். கழுவிச் சுத்தம் செய்த கெக்கில் 17 லிட்டர் ஊற்றுங்கள், மேலே கொஞ்சம் இடம் விட வேண்டும். மூடியைப் போட்டு கேஸைக் கொடுத்து உட்கார வைத்தபின், மூடியிலிருக்கும் வளையத்தை இழுத்துக் காற்றை வெளியே விடுங்கள். மறுபடி கேஸ், மறுபடி வெளியே. மூன்று நான்கு தடவை இப்படிச் செய்தால் உள்ளே இருந்த சாதாரணக் காற்று போய்விடும். பலர் சோம்பல்பட்டு விட்டுவிடுவது இதைத்தான். காற்று மிச்சமிருந்தால் எத்தனை நாள் வைத்தாலும் சோடாவில் சுறுசுறுப்பு ஏறாது.

இனி இரண்டு வழி. 30 பி.எஸ்.ஐ.-இல் மாட்டிவிட்டு மூன்று நான்கு நாள் மறந்துவிடலாம். அவசரம் என்றால் கெக்கைச் சாய்த்து, கேஸ் இணைந்திருக்கும்போதே கால் மணி நேரம் மெதுவாக உருட்டலாம். தண்ணீருக்குள் கேஸ் இறங்கும் சத்தம் ரெகுலேட்டரில் கீச்சென்று கேட்கும். கரையக் கரைய அந்தச் சத்தம் ஓயும். ஓய்ந்ததும் நிமிர்த்தி, இரவு முழுக்கக் குளிரில் விடுங்கள். உருட்டிய கையோடு ஊற்றினால் நுரைதான்.

மாட்டிய எல்லா மூட்டிலும் சோப்பு நீர் தடவிக் கசிவு பாருங்கள். படுக்கப் போகும் முன் சிலிண்டரை மூடிவிட்டு மீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துவைத்து, காலையில் மறுபடி பாருங்கள். கேஸ் கரைந்து முடிந்த கெக்கில் முள் இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. பெரும்பாலும் மூடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையமோ, முளை மேலிருக்கும் சின்ன ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமோதான்.

ஊற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. கிளாஸைக் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். சாய்த்துப் பிடித்து, குழாயை ஒரே இழுப்பில் முழுக்கத் திறங்கள். பயந்து பாதி திறந்தால் அந்தச் சின்ன இடுக்கில் பானம் சிதறி நுரைத்துவிடும். முக்கால் நிறைந்ததும் கிளாஸை நிமிர்த்துங்கள். குழாய் வாய் பானத்தில் முங்கக் கூடாது. காலையில் முதல் கிளாஸ் கொஞ்சம் நுரைக்கும், வெளியே இருக்கும் குழாய் சூடாக இருப்பதால். இரண்டாவது கிளாஸிலிருந்து சரியாக வந்தால் எதையும் திருகத் தேவையில்லை.

ஒரு குழாய், பல சர்பத்

கடைக்காரர்களுக்கு என் உறுதியான கருத்து: கெக்கில் வெறும் சோடாவை மட்டும் வையுங்கள். சுவையைக் கிளாஸில் சேருங்கள். சினிமா தியேட்டர் குளிர்பான மெஷினும் இதைத்தான் செய்கிறது, ஒரு பங்கு சிரப்புக்கு ஐந்து பங்கு சோடா. ஒரே குழாயில் எலுமிச்சை, நன்னாரி, பன்னீர், இஞ்சி எல்லாம் கொடுக்கலாம். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த ஊரில் நெல்லிச் சோடா இல்லாமல் ஒரு கடை இருக்கலாமா? தேன் சேர்த்த நெல்லிச் சாற்றில் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுச் சோடா ஊற்றிப் பாருங்கள், வெயிலுக்கு அதை மிஞ்சியது இல்லை.

சிரப் முதலில், சோடா பிறகு. உப்புப் போட்ட எலுமிச்சைச் சோடாவில் உப்பை முதலிலேயே சாற்றில் கரைத்துவிட வேண்டும். ஊற்றிய சோடாவின் மேல் உப்புத் தூளைத் தூவினால் ஒவ்வொரு துகளின் மேலும் குமிழி கட்டிக் கிளாஸ் பொங்கி வழியும்.

நன்னாரியைக் கெக்கிலேயே கலந்து வைக்கலாம்தான். ஆனால் அந்த மணம் டியூபிலும் ரப்பர் வளையங்களிலும் ஏறிக்கொண்டால் எத்தனை முறை கழுவினாலும் போகாது. இஞ்சியும் அப்படியே. அப்படி வைத்தால் அந்தக் கெக், அந்த டியூப், அந்த ஓ-ரிங் எல்லாம் அதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

மாம்பழம் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. கிருஷ்ணகிரி மாங்கூழ்த் தொழிற்சாலைகளில் 3.1 கிலோ டின்னில் வரும் கூழ் அருமையான சரக்கு. ஆனால் கெக்கில் ஊற்றாதீர்கள். நார் மெல்லிய டியூபை அடைக்கும், குழாய்க்குள் படிந்து புளிக்கும், கூழின் துகள்களே குமிழி கட்டி நுரையாக்கும். கிளாஸில் இரண்டு மூன்று கரண்டி கூழ், கொஞ்சம் எலுமிச்சை, அதன் மேல் ஓரமாக மெதுவாகச் சோடா. பெங்களூரா மாங்கூழ் இதற்குப் பொருத்தம், அந்த இலேசான புளிப்பு சோடாவோடு ஒத்துப்போகிறது. அல்போன்சா தனியாகக் குடிக்க நல்லது. சோடாவில் அதன் மணம் வீணாகிறது என்பது என் எண்ணம். திறந்த டின்னில் மிச்சத்தை வைக்காமல் எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றிக் குளிரில் வையுங்கள்.

மோர், ரோஸ் மில்க், பால் சேர்ந்த எதுவும் குழாய்க்கு ஆகாது. அது வேண்டாம்.

குளிர்காபிக்கு வேறு கேஸ்

காபியில் கார்பன் டை ஆக்சைடு ஏற்றினால் புளிக்கும். அதற்கு நைட்ரஜன். தண்ணீரில் மிகக் கொஞ்சமாகத்தான் கரையும் கேஸ் அது. அதனால்தான் குமிழிகள் மிகச் சிறியவையாகி, வாயில் பாலாடை போலத் தெரிகிறது. இந்த உத்தி பீரிலிருந்து வந்தது. மைக்கேல் ஆஷ் என்ற கணிதக்காரர் கின்னஸ் கம்பெனியில் வேலை பார்த்தபோது உருவாக்கி, 1959-இல் நடைமுறைக்கு வந்தது.

ஏற்காடு நமக்குப் பக்கம்தான், காபிக்கு வேறெங்கும் போக வேண்டாம். சிக்கரி கலக்காத கொட்டையைக் கொரகொரப்பாக அரையுங்கள். ஒரு கிலோவுக்குப் பத்து லிட்டர் குளிர்ந்த தண்ணீர், பிரிட்ஜில் 14 முதல் 18 மணி நேரம். துணியில் ஒரு முறை, பிறகு ஃபில்டர் காகிதத்தில் ஒரு முறை வடிகட்டுங்கள். இரண்டாவது வடிகட்டலை விடவே கூடாது. இதற்கென்றே விற்கும் நைட்ரோ குழாயின் வாய்க்குள் ஊசித்துளைகள் போட்ட தகடு இருக்கிறது. அந்தத் துளைகள் வழியாகப் பீய்ச்சும்போதுதான் கரைந்த நைட்ரஜன் உதறி வெளியே வரும். ஒரு துளி மண்டி போதும் அதை அடைக்க.

கெக்கை மூடி, காற்றை வெளியேற்றி, 35 முதல் 40 பி.எஸ்.ஐ. நைட்ரஜன் கொடுத்து, நன்றாகக் குலுக்கி, இரண்டு நாள் குளிரில் வையுங்கள். ஊற்றும்போது கிளாஸ் முழுக்கப் பழுப்பு நிறமாகக் கலங்கும். ஓரத்தில் குமிழிகள் மேலேறாமல் கீழ்நோக்கி இறங்குவது போலத் தெரியும். அடியிலிருந்து கறுப்புத் தெளிந்துகொண்டே வந்து, மேலே விரற்கடை உயரத்துக்கு வெண்பழுப்பு ஆடை நிற்கும். அது முடியும்வரை கிளாஸைக் கையில் கொடுக்காதீர்கள், வாடிக்கையாளர் பார்க்கட்டும்.

இரண்டு எச்சரிக்கை. நைட்ரஜன் சிலிண்டரில் அழுத்தம் கார்பன் டை ஆக்சைடைவிட இரண்டு மடங்குக்கு மேல், 150 பார் அளவில் இருக்கும். அதற்குத் தனி ரெகுலேட்டர். அடாப்டர் போட்டு மாற்றிப் பொருத்தக் கூடாது. அடுத்து, காபியில் புளிப்புக் குறைவு, கெக்குக்குள் ஆக்சிஜன் கிடையாது. இந்தச் சூழலில் கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர முடியும். 4 டிகிரிக்கு மேல் போக விடாதீர்கள். ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஒரு பகல் முழுக்கக் கரண்ட் இல்லாமல் சூடேறிவிட்டால் கொட்டிவிடுங்கள். நஷ்டம்தான், ஆனாலும் கொட்டுங்கள்.

பாரில் பீர்

பீர் கெக் கேஸ் ஏறியேதான் வரும். வேலை அதைக் கெடுக்காமல் ஊற்றுவது. வண்டியிலிருந்து இறங்கிய கெக்கைக் குறைந்தது ஒரு நாள் குளிர் அறையில் வைத்தபின் திறங்கள். கேஸையும் டியூபையும் கெக்கோடு இணைக்கும் கப்ளரை அதன் தலையில் மாட்ட வேண்டும். அதில் பல வகை உண்டு, எந்தக் கெக்குக்கு எது என்று சரக்குக் கொடுப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கப்ளரை வைத்துக் கடிகாரச் சுற்றில் திருப்பி, கைப்பிடியை அழுத்திக் கீழே இறக்கினால் கேஸும் பானமும் ஒன்றாகத் திறக்கும்.

12 பி.எஸ்.ஐ. என்பது 4 டிகிரியில். குளிர் அறை 10 டிகிரியில் நின்றால் அதே பீருக்கு 17, 18 வேண்டும். அப்போது அழுத்தத்தைக் கூட்டுவதா, அறையைக் குளிர்விப்பதா? அறையைத்தான். கெக் அறை தூரத்தில் இருந்தால், போகும் வழி முழுக்கக் குளிர்ந்த திரவம் ஓடும் குழாய்களோடு சேர்த்துச் சுற்றி உறையிட்டிருக்க வேண்டும். இடையில் ஓரடி வெறுமனே நின்றாலும் நுரை அங்கே பிறக்கும். ஸ்டவுட் என்ற கருநிறப் பீர் வகைக்கு நைட்ரஜன் 70, கார்பன் டை ஆக்சைடு 30 என்ற கலவைக் கேஸ், 30 முதல் 35 பி.எஸ்.ஐ., அதோடு காபிக்குச் சொன்ன அதே வகைக் குழாய். ஒயினைக் குழாயில் வைப்பவர்கள் பெரும்பாலும் நைட்ரஜனில் தள்ளுகிறார்கள்.

விருந்துகளில் கையால் அடிக்கும் பம்பு வைத்துக் கெக் திறப்பதுண்டு. அது கெக்குக்குள் சாதாரணக் காற்றை அனுப்புகிறது. மறுநாள் அந்தப் பீர் நிற்காது. அன்றே முடித்துவிடுங்கள்.

கிளாஸில் எண்ணெய்ப் பசையோ சோப்போ இருந்தால் பீரின் நுரை நிற்காது. சந்தேகம் இருந்தால் நனைந்த கிளாஸின் உட்புறம் உப்புத் தூவிப் பாருங்கள். ஒட்டாத இடம் அழுக்கு. ஃப்ரீசரில் உறைய வைத்த கிளாஸும் வேண்டாம், பனித்துகளில் பீர் பொங்கும்.

கழுவுதல்

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை டியூபைக் கழுவ வேண்டும். பீர்த் தொழிலில் பலரும் ஏற்றுக்கொண்ட கணக்கு இது, சர்பத்துக்கும் பொருந்தும். கேஸை மூடி, தண்ணீர் விட்டு அலசி, குழாய்களுக்கென்றே விற்கும் காரக் கரைசலை 2 முதல் 3 சதவீத அளவில் கலந்து டியூபுக்குள் நிரப்புங்கள். பம்பு வைத்துச் சுற்றவிட்டால் 15 நிமிடம். நிரப்பி ஊறவிட்டால் 20 நிமிடமாவது. பிறகு குழாய் வாயில் தொட்டால் வழுவழுப்பு போகும்வரை, லிட்மஸ் தாளில் நிறம் மாறுவது நிற்கும்வரை தண்ணீர் விடுங்கள். கையுறையும் கண்ணாடியும் போடாமல் காரத்தைத் தொடாதீர்கள். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அமிலக் கரைசலில் கழுவினால் பீர் படிவுக் கல் கரையும். காரத்தையும் அமிலத்தையும் ஒருபோதும் கலக்கக் கூடாது.

குழாயைக் கழற்றிப் பிரஷ் போட்டுத் தேய்ப்பதை யாரும் விரும்புவதில்லை. ஆனால் அழுக்கு சேரும் இடமே அதுதான். கடை மூடும்போது வாயை வெந்நீரில் துடைத்து உறை போட்டுவிடுங்கள், ஈ வராது. கெக்கை எப்போது திறந்தாலும் முதலில் மூடி வளையத்தை இழுத்துக் கேஸை முழுக்க வெளியேற்றுங்கள். உள்ளே அழுத்தம் இருக்கும்போது முளையைக் கழற்றினால் அது தோட்டாவாகப் பாயும்.

கேஸ் கசிந்தால்

கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனம். மூடிய அறையில் தரைமட்டத்திலிருந்து தேங்கும், வாசனை இல்லை. காற்றில் 3, 4 சதவீதம் ஏறினால் தலைவலியும் மூச்சிரைப்பும் வரும். 10 சதவீதத்தில் ஆள் மயங்கி விழுவார். நைட்ரஜன் அதைவிடக் கள்ளத்தனமானது, மூச்சு முட்டும் உணர்வே வராது. சிலிண்டர் வைக்கும் அறையில் கீழ்ப்பக்கம் ஜன்னலோ காற்றுத்துளையோ இருக்கட்டும். பாரின் குளிர் அறையில் கேஸ் அலாரம் வைக்கச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள். உள்ளே யாராவது விழுந்து கிடந்தால் ஓடிப்போய்த் தூக்காதீர்கள். கதவுகளைத் திறந்து காற்று விட்டு, 108-ஐ அழைத்துவிட்டுப் பிறகு போங்கள். காப்பாற்றப் போனவரும் விழுவது இப்படித்தான்.

சிலிண்டர் தீர்ந்துவிட்டது, உலர்பனிக்கட்டியைக் கெக்கில் போட்டு மூடினால் கேஸ் வருமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது வெடிகுண்டு.

கடை மந்தமாகும் மாதங்களில்

ஐப்பசி, கார்த்திகையில் வியாபாரம் குறையும். கெக்குகளைக் கழுவி, உள்ளே ஈரம் வடியவிட்டு, 5 பி.எஸ்.ஐ. கேஸ் மட்டும் கொடுத்து மூடி வையுங்கள். டியூபுகளைக் கழுவிக் காற்று விட்டு உலர்த்தித் தொங்கவிடுங்கள். மாசி கடைசியில் மூடி வளையத்தை இழுத்துப் பார்த்து, அழுத்தம் இருக்கும் கெக்கை அப்படியே வேலைக்கு எடுக்கலாம். இல்லாததற்கு ஓ-ரிங் முழு செட்டையும் மாற்றிவிடுங்கள். சீசன் தொடங்கியபின் தேடினால் அந்தச் சின்ன வளையத்துக்காக ஒரு வாரம் கடையை நிறுத்த வேண்டியிருக்கும், அதனால் தை மாதமே ஆர்டர் போட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.